குடிநீங்காத் தேவதானம்: விற்க முடியாத நிலத்தின் ஆயிரம் ஆண்டுகள்

சிவன் கோயில் பிராகாரத்தின் வடபுறத்தில் தனிச் சன்னிதி கொண்ட சண்டிகேசுவரரை வணங்குகிறவர்கள் மெல்லக் கைதட்டிவிட்டு நகர்வது வழக்கம். கோயிலிலிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று கணக்குக் காட்டும் செயல் அது என்பது மக்கள் சொல்லும் விளக்கம். அந்த விளக்கத்துக்குப் பின்னால் ஒரு நிருவாக வரலாறு இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்காக நிலம் வாங்குபவர், பொன்னைக் கடனாகக் கொடுப்பவர், வாரத்தைப் பெற்றுக்கொள்பவர் என்று ஆவணத்தில் பெயர் நிற்பது ஆதிசண்டேசுவரருக்குத்தான். உடைமை சிவனுடையது, கையெழுத்து சண்டேசுவரருடையது, வேலை ஊர்ச்சபையாருடையது. விளைநிலத்தைத் தனி மனிதர் எவருக்கும் சொந்தமாக்காமல், விற்க முடியாததாக, ஒரு நோக்கத்துக்கென்று ஒதுக்கிவைப்பது அயல்நாட்டிலிருந்து வந்த புதுமை அல்ல என்பதற்குக் காவிரிப் படுகையின் கோயில் சுவர்களே சாட்சி. இன்று தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறையின் ஆளுகையிலுள்ள கோயில்களுக்கு ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருப்பதாக அரசின் கொள்கை விளக்கக் குறிப்புகள் சொல்கின்றன. விளைநிலம் பொதுவுடைமையாகவோ அறக்கட்டளையாகவோ இருக்கலாமா என்ற கேள்வியைப் புதிதாகக் கற்பனை செய்து பார்க்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆயிரம் ஆண்டுச் சோதனையின் முடிவுகள் கையில் இருக்கின்றன. அவற்றைப் படிப்பதுதான் பாக்கி.

இந்த நிலங்களைப் பற்றிய இன்றைய வாதங்கள் எல்லாம் ‘யாருடையது’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன. உழுகிறவனுக்கே கொடு என்கிறது ஒரு தரப்பு. அரசே வைத்துக்கொள்ளட்டும் என்பது இன்னொன்று. அரசு வெளியேறிப் பக்தர்களிடம் ஒப்படைக்கட்டும் என்பது மூன்றாவது. சோழர் கால எழுத்தர்கள் இதைவிடக் கூரான ஒரு கேள்வியை வைத்திருந்தார்கள். கோயிலுக்கு நிலம் கொடுக்கப்படும்போது அது ‘குடிநீங்காத் தேவதானம்’ ஆகவும் கொடுக்கப்படலாம், ‘குடிநீக்கிய தேவதானம்’ ஆகவும் கொடுக்கப்படலாம். முதல் வகையில் ஏற்கெனவே அந்த நிலத்தில் உரிமை கொண்டிருந்தவர் அப்படியே இருப்பார், அவர் செலுத்த வேண்டியது மட்டும் அரசனுக்குப் பதிலாகக் கோயிலுக்குப் போகும். இரண்டாம் வகையில் அவர் உரிமை முடிந்துவிடும், கோயில் தன் விருப்பப்படி வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம். பட்டாவில் யார் பெயர் என்பது இரண்டாவது கேள்வி. குடி நீங்கியதா, நீங்காததா என்பதே முதல் கேள்வி என்பது இக்கட்டுரையின் வாதம். விளைநிலத்தை விற்பனைக்கு வெளியே அறமாக நிறுத்துவது நல்லது என்றே நான் கருதுகிறேன். ஆனால் குடியை நீக்கிய அறம் எதுவும் இந்தப் படுகையில் நெடுநாள் அறமாக இருந்ததில்லை.

‘குடி’ யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கல்வெட்டில் வரும் குடி ஏர்பிடித்தவரா, காணியாட்சி பெற்றிருந்த நிலத்தலைவரா? எல்லா ஊர்களிலும் இருவரும் ஒருவராக இருக்கவில்லை. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா 1966-ல் வெளியிட்ட ஆய்வில் திருச்சிராப்பள்ளிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். வேளாண் ஊரான அல்லூரில் நிலம் ஊராரின் கூட்டுடைமையாக இருந்ததையும், பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனித்தனி உடைமை நிலவியதையும் அவர் காட்டினார். பழந்தமிழகத்தில் நிலம் முழுக்கப் பொதுவாக இருந்தது என்று சொல்வோரும், முழுக்கத் தனியாருடையது என்று சொல்வோரும் இந்த இரண்டு ஊர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அல்லூரின் ‘ஊரார்’ என்ற சொல்லுக்குள் ஊரில் குடியிருந்த எல்லோரும் அடங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள், இறை கட்டும் நிலத்திலிருந்து கழிக்க வேண்டிய இடங்களை ஊர் ஊராக எண்ணுகின்றன: ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு, கம்மாளச்சேரி, பறைச்சேரி. நிலத்தை நுண்ணிய பின்னம் வரை அளந்தெழுதிய அந்தக் கணக்கில் உழைப்பாளர் இருக்கிறார்கள்; ஆனால் கழிவில் இருக்கிறார்கள், காணியில் இல்லை.

கணக்கு விஷயத்தில் சோழர் காலம் இன்றைக்கும் வெட்கம் தரத்தக்க அளவு கறாரானது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்வதை விதிக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. பள்ளிப் புத்தகம் வரை வந்துவிட்ட இச்செய்தியோடு அதே கல்வெட்டின் இன்னொரு விதியையும் சேர்த்து வாசிக்க வேண்டும். வேட்பாளர் கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவராக, சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவராக இருக்க வேண்டும். நிலமில்லாதவன் நிலக்கணக்கைக் கேட்க முடியாது. அறக்கட்டளை முறையின் முதல் பலமும் முதல் பலவீனமும் ஒரே கல்லில் பதிந்திருக்கின்றன: காவலரைக் கண்காணிக்க வழி உண்டு, ஆனால் கண்காணிப்பவரும் காவலரின் இனமே.

இந்தக் கூட்டுடைமை பின்னாளில் மிராசு என்ற அரபுப் பெயருக்குள் தொடர்ந்தது. சென்னையின் ஆட்சியராக இருந்த எல்லிஸ் 1818-ல் மிராசு உரிமை பற்றி அரசின் 17 கேள்விகளுக்கு எழுதிய விடைகளிலும், அக்காலத்து மற்ற ஆவணங்களிலும் தொண்டை மண்டலத்துக்கும் தஞ்சைக்கும் உரிய நிலவகைகள் பதிவாகியிருக்கின்றன. ஊர் முழுதும் ஒருவர் கையில் இருந்தால் ஏகபோகம். பங்குகளாக நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டிருந்தால் அறுதிக்கரை. பிரிக்காமல் பொதுவில் வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரையீடு செய்து, வயல்களைப் பங்காளிகளிடையே மாற்றிக்கொண்டிருந்தால் பசுங்கரை. தலைமடை வயலும் கடைமடை வயலும் ஒரே ஆளிடம் நிலைத்துவிடக் கூடாது என்பதுதான் கரையீட்டின் பொருள். வாய்க்கால் நீரை நம்பிய ஊரில் இதைவிட நேர்மையான ஏற்பாடு கடினம். முறைக்கு வரும் வயல் அடுத்த முறை தனக்கு இல்லை என்று தெரிந்தால் ஒருவன் அதற்கு எருப்போடுவானா என்று கும்பெனி அதிகாரிகள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அவர்கள் கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு. பசுங்கரையில் எத்தனை முறை வயல் மாறினாலும் அதில் இறங்கி நட்டவர்கள் மாறவில்லை. பள்ளரும் பறையரும் மிராசோடு சேர்த்து விற்கப்பட்ட, அடகு வைக்கப்பட்ட ஆவணங்கள் இதே ஊர்களிலிருந்துதான் கிடைக்கின்றன. பொதுவில் இருந்தது நிலம் மட்டுமன்று, ஆட்களும்தான்.

கும்பெனி ஆட்சி இந்தப் பின்னலை இரண்டாகக் கிழித்தது. ரயத்துவாரி முறையில் உழுநிலம் தனித்தனிப் பட்டாவானது. பட்டாவில் வராத தரிசும் மேய்ச்சலும் ஏரிப் படுகையும் அரசின் புறம்போக்காயின. பொதுநிலம் அரசுநிலம் ஆன கணம் அது. இரண்டும் ஒன்று என்று நினைக்கும் பழக்கமும் அப்போது பிடித்துக்கொண்டதுதான். ஆனால் ஊர்ப் பொதுவில் இருந்த ஏரிக்கு ஊரில் நூறு காவல்காரர்கள், அரசுப் புறம்போக்குக்கு ஒரு கணக்குப்பிள்ளை. சென்னையில் மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் எழுப்பப்பட்டபோது அதைச் செய்தது ஆக்கிரமிப்பாளர் எவரும் அல்ல, உடைமையாளரான அரசே. அரசு உடைமையாளராக இருப்பதால் நிலம் காக்கப்படும் என்று வாதிடுவோர் முதலில் பதில் சொல்ல வேண்டியது அங்குள்ள பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு.

எதிர்த்திசையில் இன்னொரு சோதனையும் ஆங்கிலேய ஆட்சியில் நடந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891-ல் அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்துத் தந்த அறிக்கையை ஒட்டி, 1892-ல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதுதான். தொடக்கக் காலத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் அதே சாதியினருக்கு மட்டுமே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. தனியார் பெயரில் பட்டா, ஆனால் விற்பனைக்குத் தடை. காகிதத்தில் இதைவிட உறுதியான காவல் இல்லை. ஆயினும் அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. 1994-ல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போனவர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். நிலம் பறிபோனதற்குக் காரணம் நிபந்தனை மென்மையாக இருந்ததன்று. பஞ்ச காலத்தில் விதைநெல்லுக்கும் கலியாணத்துக்கும் கடன் கொடுக்கக் கூடியவர் ஊரில் ஒரே ஆளாக இருந்தால், விற்க முடியாத பட்டாவும் அவர் பெட்டிக்குள்தான் போய்ச் சேரும். தனித்தனியாக நின்ற குடிக்குத் தடைச்சட்டம் மட்டும் துணையாகாது.

கோயில் நிலத்தின் கதை இதனிடையே தனி வழியில் போனது. 1817-ன் ஏழாம் ஒழுங்குவிதி அறநிலையங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. விக்கிரக ஆராதனைக்குக் கிறித்தவ அரசு துணைபோவதா என்ற இங்கிலாந்துக் கூச்சலுக்குப் பணிந்து 1840களில் கும்பெனி கைகழுவியது. கோயில்கள் மடாதிபதிகளிடமும் உள்ளூர்ப் பெரியவர்களிடமும் ஒப்படைக்கப்பட்டன. 1863-ன் சட்டம் குழுக்களை அமைத்தது. கேட்பாரற்ற இந்த 80 ஆண்டுகளில்தான் ‘தருமகர்த்தா’ என்ற சொல் காவிரிப் படுகையில் அதன் இன்றைய நிறத்தைப் பெற்றது. தருமகர்த்தா ஊர் மிராசுதார். கோயில் நிலத்தின் குத்தகைதாரர் அவருடைய மைத்துனர் அல்லது காரியக்காரர். அவரிடமிருந்து உள்குத்தகை எடுத்தவர் ஒருவர். வயலில் நின்றவர் பண்ணையாள். களத்துமேட்டில் அளந்த கலம் கோயில் நெற்குதிரைச் சேருவதற்குள் மூன்று மரக்கால்கள் மாறியிருக்கும். ‘சிவன் சொத்து குலநாசம்’ என்ற பழமொழி எந்தக் காலத்தில் தோன்றியதோ, அது அடிக்கடி தேவைப்பட்டது இந்தக் காலத்தில்தான் என்று ஊகிக்கலாம். நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் கொண்டுவந்த 1925-ன் இந்து சமய அறநிலையச் சட்டம் இதற்கு எழுந்த மறுவினை. அதை மதத்தில் அரசின் தலையீடாக மட்டும் பார்ப்பவர்கள், அது முதலில் ஒரு நிலக்கணக்குச் சட்டம் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் நம் வாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. மடம் ஒன்றின் நிலத்தை நிரந்தரக் குத்தகைக்கு விட்டது செல்லுமா என்ற வழக்கில், மடாதிபதியை ஆங்கிலச் சட்டம் சொல்லும் பொருளில் அறங்காவலராகக் கருத முடியாது என்று 1921-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தில் காவலர் பெயரில் உடைமை, பயன் வேறொருவருக்கு. இந்து அறக்கொடையில் உடைமை தெய்வத்துக்கோ நிறுவனத்துக்கோ. காவலர் வெறும் மேலாளர். தெய்வம் சட்டப்படி ஓர் ஆள், அதுவும் என்றென்றும் மைனர். மைனரின் சொத்தைக் கட்டிக்காக்கும் கடமை நீதிமன்றத்துக்கு உண்டு; நிலம் விலைபோகாமல் நிற்பதற்கு இது பெரும் அரண். ஆனால் மைனரின் நலனைக் காப்பது என்றால் அதிகக் குத்தகை தருபவருக்கு ஏலத்தில் விடுவது என்று பொருள்கொண்டால், உழுகிறவர் ஒவ்வொரு முறையும் புறத்தார் ஆகிறார். இன்றைய 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவும், விற்பனைக்கும் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் ஆணையரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. விற்பனையையும் நீண்ட குத்தகையையும் ஒரே ஆபத்தாக, ஒரே வரியில் அது நிறுத்துகிறது. நிலத்தைக் காக்கப் பூட்டிய கதவில் குடியும் வெளியே நின்றுவிட்டது.

சோழர் காலத்துக் கேள்வி செத்துவிடவில்லை என்பதற்கு வியப்பான சான்று இனாம் வழக்குகள். கோயிலுக்கான கொடை நிலமாகிய ஒரு தேவதாய இனாமில் அரசன் கொடுத்தது தனக்குரிய பங்கான மேல்வாரம் மட்டுமா, அல்லது உழுகிறவருக்குரிய குடிவாரமும் சேர்ந்த இருவாரமா? மேல்வாரம் மட்டும் என்றால் உழுகிறவரை எழுப்ப முடியாது. இருவாரம் என்றால் கோயிலே முழு உடைமையாளர். இனாம் கொடை மேல்வாரத்தை மட்டுமே குறிக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துக்கொள்ள முடியாது என்று 1918-ல் பிரிவி கவுன்சில் சொன்னபின், குடிகளின் பக்கம் சாய்ந்திருந்த தராசு மாறியது. 1963-ன் சிறு இனாம் ஒழிப்புச் சட்டமும் குடிவாரம் யாருக்கு என்ற அதே அளவுகோலைக் கொண்டே பட்டா வழங்கியது. குடிநீங்காத் தேவதானமா, குடிநீக்கிய தேவதானமா என்று கல்லில் வெட்டியவர்கள் கேட்டதை, ஆயிரம் ஆண்டு கழித்துத் தீர்வை அலுவலர் கோப்பில் கேட்டார். ஊருக்கு ஊர் விடை மாறியது. ஆவணம் வைத்திருந்தது கோயில், ஆவணமில்லாமல் இருந்தது குடி என்பதால் மாறிய திசையை ஊகிப்பது கடினமன்று.

சுதந்திரத்துக்குப் பிந்தைய சட்டங்கள் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தன. 1952-ன் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955-ன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956-ன் நியாயக் குத்தகைச் சட்டம் ஆகியவை பொதுவுடைமை இயக்கம் தஞ்சையில் கட்டிய அழுத்தம் இல்லாமல் வந்திருக்காது. நஞ்சையில் 40 விழுக்காடாக நிர்ணயிக்கப்பட்ட குத்தகை பின்னர் 25 ஆகக் குறைக்கப்பட்டது. 1961-ன் பொது அறக்கட்டளை வேளாண் நிலச் சட்டத்தை நான் இவற்றில் மிகக் கூர்மையானதாக மதிக்கிறேன், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே. அறக்கட்டளை 20 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் சொந்தப் பண்ணை வைக்கக் கூடாது. ஒரு குத்தகைதாரர் கையில் ஐந்து ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் சேரக் கூடாது. உடைமை கோயிலுக்கே இருக்கட்டும், சாகுபடி பலரிடம் பரவட்டும் என்பது அதன் சாரம். குடிநீங்காத் தேவதானத்தைச் சட்டமொழியில் எழுதினால் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். ஆனால் அதே 1961-ல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் சமய அறக்கட்டளைகளுக்கு விலக்களித்தது. 30 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு ‘அறக்கட்டளை’ என்ற சொல் திடீரென்று இனித்தது. உள்குத்தகையும் பினாமியும் பதிவேட்டில் தெரியாதவை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டது கூலிக்கான போராட்டத்தின் பின்னணியில். பண்ணையாள் சட்டத்தைத் தவிர மற்றப் பாதுகாப்புச் சட்டங்கள் குத்தகைதாரர் என்ற படியோடு நின்றுவிட்டன, அதற்குக் கீழே இருந்த விவசாயத் தொழிலாளி எந்தச் சட்டத்திலும் நிலத்தில் உரிமையுள்ள ‘குடி’ ஆகவில்லை என்பதை அந்த இரவுக்கு வெளியே வைத்துப் பார்க்க முடியாது.

கிராமதானம் இந்தப் பின்புலத்தில்தான் தமிழகத்துக்கு வந்தது. 1951 ஏப்ரல் 18-ல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் 100 ஏக்கர் கொடையோடு தொடங்கிய பூமிதானம், அடுத்த ஆண்டே உத்தரப் பிரதேசத்தின் மங்ரோட்டில் முழு ஊரையும் பொதுவில் வைக்கும் கிராமதானமாக வளர்ந்தது. பூமிதானத்தைத் தொடங்கிய வினோபா பாவே 1956, 57-ல் தமிழ்நாட்டில் நடந்தார். மதுரை மாவட்டத்து ஊர்கள் பல கிராமதானம் என்று எழுதித் தந்தன. 1958-ல் சட்டமும் வந்தது. பின்னாளில் ‘சுலப கிராமதானம்’ என்று திருத்தப்பட்ட வடிவம் கவனிக்கத்தக்கது: உடைமை கிராமசபைக்கு, இருபதில் ஒரு பங்கு நிலமற்றவருக்கு, மீதியை அதே குடும்பம் தலைமுறையாக உழலாம், ஆனால் சபையின் சம்மதமில்லாமல் ஊருக்கு வெளியே விற்க முடியாது. உடைமையும் உழவுரிமையும் தெளிவாகப் பிரிந்த ஏற்பாடு. மகாராஷ்டிரத்தின் மேந்தா லேகா என்ற கோண்டு ஊர் 2013-ல் இதைச் சட்டப்படி ஏற்றது. தமிழ்நாட்டில் காகிதத்தைத் தாண்டியவை கொஞ்சம். காந்தியம் முன்வைத்த ‘டிரஸ்டிஷிப்’ கொள்கைக்குத் தமிழில் தர்மகர்த்தா முறை என்றே பெயர் வழங்கியது ஒரு விபரீதப் பொருத்தம். கீழத்தஞ்சைச் சேரியில் தர்மகர்த்தா என்ற சொல் என்ன முகத்தைக் கண்முன் நிறுத்தியிருக்கும் என்று மொழிபெயர்த்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

என் வாதத்துக்கு எதிரான ஆகக் கனமான சான்று இங்கிருந்துதான் வருகிறது. கிராமதானத்துக்கு வாழ்வைக் கொடுத்த சர்வோதயத் தம்பதியர் ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்தார்கள். 1981-ல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்கிழார்களிடம் நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்ற அளவில் பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலம் பெற்றன. பொதுவுடைமையின் தூதர்களே கடைசியில் தனிப்பட்டாவுக்கு வந்தார்கள் என்றால், பொது உடைமை தோற்றுவிட்டது என்றுதானே பொருள்? நான் அப்படி வாசிக்கவில்லை. நாள்தோறும் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் நின்று, பொது என்ற பெயரில் ஒரே குடும்பம் ஆண்டதைக் கண்டவர்களுக்கு, தன் பெயர் எழுதிய தாள் ஒன்றே கண்ணுக்குத் தெரிந்த காவல். அவர்கள் கேட்டது விற்கும் உரிமையை அல்ல, எழுப்பப்படாமல் இருக்கும் உரிமையை. தனிப்பட்டா ஒன்றின் வழியாகத்தான் அதைப் பெற முடியும் என்று வரலாறு அவர்களுக்குக் கற்பித்திருந்தது. கணவர் பெயரில் அல்லாமல் பெண் பெயரில் எழுதியதும் சாராயக் கடைக்கும் வட்டிக்கும் நிலம் போகாமல் தடுக்கும் ஒருவகைக் காவல்தான். ஆயிரம் ஆண்டுகளில் ‘குடி’ என்ற சொல்லுக்குள் சேரிப் பெண் நுழைந்தது அநேகமாக இங்கேதான்.

கிராமதானத்தின் இன்னொரு கிளை கடல் கடந்து போயிற்று. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பினக் குத்தகை விவசாயிகளுக்காக 1969-ல் உருவான நியூ கம்யூனிட்டீஸ் என்ற அமைப்பு, இஸ்ரேலில் யூத தேசிய நிதியின் நிலங்களையும் வினோபாவின் கிராமதானத்தையும் முன்மாதிரியாகக் கொண்டது. 5,700 ஏக்கருக்கு மேல் பொதுவில் வைத்திருந்தார்கள். குடும்பங்களுக்கு நீண்ட குத்தகை என்பது திட்டம். வறட்சியில் அரசின் பயிர்க்கடன் இனவெறியால் மறுக்கப்பட்டும் தாமதிக்கப்பட்டும் போக, 1985-ல் நிலம் கடனுக்கு மூழ்கியது. அறமாக வைத்த நிலத்துக்கும் விதையும் உரமும் கடனில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. தெய்வத்தின் பெயரில் பட்டா இருப்பதால் பயிர்க்கடனுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அடங்கலைத் தூக்கிக்கொண்டு அலையும் படுகைக் குத்தகைதாரரின் சிக்கலும், ஜார்ஜியாவின் சிக்கலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அப்படியானால் உழுகிறவருக்கே முழு உடைமையையும் கொடுத்து முடித்துவிடலாமே என்பார்கள். கேரளம் அதைச் செய்தது. 1970 சனவரி முதல் நாளிலிருந்து குத்தகை முறையே அங்கு ஒழிந்தது. தேவசம் எனப்படும் கோயில் நிலமும் தப்பவில்லை. சாதி நிலவுடைமையின் முதுகெலும்பை முறித்த அந்தச் சாதனையை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் நிலம் போய்ச் சேர்ந்தது குத்தகைதாரருக்கு. சேற்றில் நின்ற புலையருக்குக் கிடைத்தது ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் குடிகிடப்பு மனை. பின்னர் நெல்வயல் தென்னையாகவும் ரப்பராகவும் வீட்டுமனையாகவும் மாறி, 1970களின் நடுவில் எட்டரை லட்சம் எக்டேரைத் தாண்டியிருந்த நெல் பரப்பு இரண்டு லட்சத்தை ஒட்டிச் சுருங்கியது. கூலி, விலை, வளைகுடாப் பயணம் என்று காரணங்கள் பல. நிலச் சீர்திருத்தத்தின் தலையில் மட்டும் இதைக் கட்ட முடியாது. எனினும் 2008-ல் அரசு நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, தனியார் பட்டாவின் மேல் பொதுவின் கையை மறுபடி வைக்க நேர்ந்தது. காவிரிப் படுகையில் 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் அதே வகை. நெல்வயல் என்பது வாய்க்காலோடும் வடிகாலோடும் பிணைந்தது. நடுவில் ஒரு வயல் மனையானால் கீழேயுள்ள பத்து வயலுக்கு வடிகால் போயிற்று. விற்கும் உரிமையை முழுதாகக் கொடுத்துவிட்டுப் பிறகு சட்டத்தால் பிடுங்குவதைவிட, விற்க முடியாத நிலத்தில் அசைக்க முடியாத குடியாக இருத்துவது மலிவு.

கோயிலின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. சந்தை மதிப்புக்குக் குத்தகை வாராமல் விளக்கு எப்படி எரியும், ஓதுவாருக்கும் நாயனக்காரருக்கும் சம்பளம் எங்கிருந்து வரும்? கட்டளை எழுதியவர் விளக்குக்குத்தானே எழுதினார்? சரிதான். ஆனால் அந்த விளக்கு அணைந்துகொண்டிருப்பதற்கு, அரை வேலி உழுது சாவி போன ஆண்டில் பாக்கி வைத்த குடியை முதல் காரணமாகச் சொல்வதற்கில்லை. ஊர் நடுவே கடைத்தெருவான கோயில் மனைகளும், அற்பக் குத்தகைக்கு எடுத்து உள்குத்தகைக்கு விட்டுப் பிழைக்கும் இடைத்தரகும், பதிவேட்டிலிருந்தே காணாமல் போன சர்வே எண்களும் எவ்வளவு என்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 சூனில் கோயில்கள் குறித்து 75 கட்டளைகள் பிறப்பிக்க வேண்டிவந்ததே சொல்லும். அளந்து கல்நடுவது இப்போது வேகமாக நடக்கிறது. நிலம் அளக்கும் ரோவர் கருவி எல்லையைக் கண்டுபிடித்துவிடுகிறது. வரப்புக்குள் நின்று உழுகிறவர் யார் என்பதை அந்தக் கருவி காட்டாது.

அதைக் காட்ட வேண்டிய சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் என்று பெயர். உழுகிறவர் பெயரைச் சர்வே எண்ணுக்கு எதிரே எழுதுவது, வாரிசுக்கு மாற்றுவது, ஆட்சேபம் கேட்பது என்று வழியெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் இறந்துபோன அப்பன், பாட்டன் பெயரிலேயே நிற்கும் கோயில் குத்தகையை இப்போது உழுகிறவர் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்பது குத்தகை விவசாயிகள் நெடுங்காலமாக வைத்துவரும் கோரிக்கை. மாற்றிக் கொடுத்தால் உரிமை கொண்டாடுவார்கள் என்ற அச்சம் அலுவலகத்தில் இருக்கிறது. பெயர் மாற்றாததால் உள்குத்தகை மறைகிறது, பாக்கி யாருடையது என்று தெரியாமல் போகிறது, கடைசியில் கோயிலுக்கே நட்டம் என்பதை அந்த அச்சம் கணக்கில் கொள்வதில்லை. சோழர் காலத்து வாரக் கணக்கு கோயிலின் அதிட்டானத்தில், சுற்றி வரும் எவர் கண்ணிலும் படும்படி வெட்டப்பட்டிருந்தது. எந்தச் சர்வே எண்ணை யார் உழுகிறார், எத்தனை கலம் அளக்க வேண்டும், எவ்வளவு அளந்தார் என்பதை, பெண்கள் பெயரும் உள்ளிட, அதே சுவரில் ஒரு பலகையில் ஆண்டுதோறும் எழுதிவைக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சண்டிகேசுவரர் சன்னிதிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.